உடைமையும் காவலும்
கலை அறக்கட்டளைகளை ஆள்வோரின் கடமை குறித்து

தன் பொருளைத் தனக்கெனக் காப்பது மனித இயல்பு. பிறர் பொருளைத் தனக்குரியதன்றென விட்டு விலகுவதும் இயல்பே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது நிலை ஒன்றுண்டு. தன்னுடையதல்லாத பொருளைத் தன்னுடையதைப் போன்ற கவனத்தோடு பேணி, அதன் பயனைத் தான் கொள்ளாது பிறர்க்குச் சேர்ப்பிப்பதே அந்நிலை. இது இயல்பாக அமைவதன்று. பழக்கத்தாலும் கட்டுப்பாட்டாலும் அமைவது. அறக்கட்டளை என்னும் நிறுவனத்தின் முழுப்பாரமும் இந்த மூன்றாவது நிலையின் மீதே தங்கியுள்ளது.

தமிழில் இந்நிலையினரைக் குறிக்க வழங்கும் சொற்களே சிந்தனைக்குரியன. கோயில் சார்ந்த வழக்கில் அவர் 'தருமகர்த்தா'. தமிழ்நாட்டு வழக்கில் 'அறங்காவலர்'. இலங்கைச் சட்டத் தமிழில் 'நம்பிக்கைப் பொறுப்பாளர்'. கர்த்தா என்பவன் செய்வோன், தலைவன்; காவலன் என்பவன் காத்து நிற்போன்; பொறுப்பாளன் என்பவன் பிறர்க்கு விடை கூறக் கடமைப்பட்டவன். ஒரே பதவிக்கு மூன்று பெயர்கள். ஆயினும் அவை மூன்று வெவ்வேறு மனப்பான்மைகளைக் காட்டுகின்றன. இலங்கையில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், பொறுப்பாளர் தம் பதவியினாற் சுயலாபம் அடைதல் ஆகாதென விதிக்கிறது. எனினும் சட்டம் தடுக்க வல்லது களவை மட்டுமே. பொறுப்பாளர் ஒருவர் ஒரு சதமேனும் எடாமல், தம்மைக் கர்த்தாவென எண்ணி அந்நிறுவனத்தைத் தம் விருப்பின்படி வளைத்துவிடலாம். அதனைத் தடுக்கும் ஆற்றல் அறவுணர்வுக்கே உண்டு.

கலை, பண்பாடு ஆகியவற்றின் பொருட்டு அமைந்த அறக்கட்டளைகளில் இவ்விடர் பெரிதாகின்றது. அனாதை இல்லமொன்றின் பொறுப்பாளர் தம் கடமையைச் செய்தாரா என்பதைப் பிள்ளைகளின் முகமே சொல்லிவிடும். பசி அளவிடத்தக்கது, அது தீர்ந்ததும் தீராததும் வெளிப்படை. கலையின் பயனோ அவ்வாறு அளவிடற்பாலதன்று. எந்தக் கூத்து அரங்கேறத் தக்கது, எந்த ஓவியம் சுவரில் தொங்கத் தக்கது, எந்த இளைஞனுக்கு உதவிப்பணம் வழங்குவது என்பன எல்லாம் மதிப்பீடு சார்ந்த வினாக்கள். ஆகவே, மண்டபமும் நிதியும் கொண்ட ஒரு சிறு சங்கத்தை ஆள்வோருங்கூட, ஊரின் கலை எது என்பதைத் தீர்மானிக்கும் வல்லமையைத் தம்மையறியாமலே பெற்றுவிடுகின்றனர். பணத்தின் காவலர் இரசனையின் காவலராகவும் மாறிவிடுகின்றனர். அவர்களை அப்பணிக்கு எவரும் தெரிவு செய்யவில்லை.

அவ்வாறாயின் அவர்கள் யாருக்குக் கடமைப்பட்டவர்கள்? நிறுவியவருக்கா? இன்று வாழும் சமூகத்துக்கா? இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைக்கா? இம்மூவரும் ஒரே குரலிற் பேசுவாராயின் சிக்கலில்லை. அவர்கள் முரண்படும்போதே அறங்காவலின் இயல்பு வெளிப்படுகின்றது.

முதலாவதாக நிறுவியவரின் உரிமையை நோக்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அல்பேட் பார்ன்ஸ் என்னும் மருத்துவர், கிருமிகொல்லி மருந்தொன்றின் வாணிபத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டி, 1922இல் மெரியன் என்னும் இடத்தில் ஓர் அறநிலையத்தை நிறுவினார். றெனுவாரின் ஓவியங்கள் 181, செசானின் ஓவியங்கள் 69, மற்றீஸின் ஓவியங்கள் 59 எனப் பெருகிய அத்தொகுதியை அவர் காட்சிச்சாலை என்று கருதவில்லை, கல்விக்கூடமென்றே கருதினார். தத்துவவாதி ஜோன் டூயி அவருக்கு நெருங்கிய துணைவராக இருந்தார். ஓவியங்களைத் தம் கருத்துக்கிசைய ஒழுங்குபடுத்திய பார்ன்ஸ், அவை இருந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும், விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது என ஆவணத்தில் எழுதிவைத்தார். 1951இல் வாகன விபத்தொன்றில் இறப்பதற்கு முந்திய ஆண்டில், பொறுப்பாளர்களை நியமிக்கும் உரிமையின் பெரும்பகுதி, கறுப்பின மக்களின் கல்விக்கென எழுந்த லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேரவும் வழி செய்தார்.

அவர் எண்ணம் தெளிவானது. ஆயினும் காலம் அதனைப் படிப்படியாகக் கரைத்தது. முதலீட்டைச் சில பாதுகாப்பான கடன் பத்திரங்களுக்குள் அடக்கிய அவரது விதி, விலைவாசி உயர நிதியின் பெறுமதியைக் குறைத்தது. வரிவிலக்குப் பெறும் நிறுவனம் பொதுமக்களுக்குக் கதவடைப்பது முறையா என அரசு வழக்குத் தொடுத்ததன் விளைவாக, 1961இல் வாரத்தில் இரு நாட்கள் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1993 முதல் 1995 வரை, கட்டடத் திருத்தத்துக்கு நிதி வேண்டி, எண்பதுக்கு மேற்பட்ட ஓவியங்கள் நீதிமன்ற அனுமதியோடு உலக நகரங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. வாகனத் தரிப்பிடம் பற்றி அயலவரோடு நேர்ந்த வழக்குகள் பணத்தைத் தின்றன. 2002இல் பொறுப்பாளர்கள், தொகுதியைப் பிலடெல்பியா நகரின் நடுவே கொண்டு செல்லவும் தம் தொகையை ஐந்திலிருந்து பதினைந்தாக உயர்த்தவும் அனுமதி வேண்டினர். 2004இல் நீதிமன்றம் இணங்கியது. 2012இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. சுவர்களில் ஓவியங்கள் பார்ன்ஸ் வைத்த ஒழுங்கிலேயே தொங்கின. சுவர்கள் மட்டும் வேறிடத்தில் இருந்தன.

இது துரோகமா, காவலா? துரோகம் என்போர் கூறும் நியாயம் வலிமையுடையது. இறந்தவர் எழுந்து வந்து வாதாட இயலாது. தம் சொல்லைத் தாமே காக்க முடியாத ஒருவரின் சொல்லைக் காப்பதாக ஏற்றுக்கொண்டவர், தமக்கு வசதியானபோது அதனைக் கைவிடின், இனி எவர் தம் பொருளை நம்பி ஒப்படைப்பார்? காவல் என்போர் கூறும் நியாயமும் புறக்கணிக்கத்தக்கதன்று. கலையை எளியோரும் கண்டு தெளிய வேண்டும் என்பதே நிறுவியவரின் உள்ளம். இடமும் சுவரும் அவ்வுள்ளத்தின் உடலே. உடலைக் காக்க முயன்று உயிரை இழப்பது காவலாகாது.

இவ்விரு நியாயங்களுக்கும் இடையே தீர்ப்பளிக்க ஒரு வினா உதவும். மாற்றத்தை வேண்டச் செய்த இடுக்கண் எவ்வாறு வந்தது? காலமாற்றத்தினால் வந்த இடுக்கண் வேறு. காவலரின் கவனக்குறைவினால் வந்த இடுக்கண் வேறு. வீட்டுக் கூரையை ஒழுகவிட்ட ஒருவரே, மழையைக் காரணங்காட்டி வீட்டை விற்க அனுமதி கேட்பாராயின், அவர் கேட்பது அனுமதியன்று. தம் பிழைக்கு மன்னிப்பு. பார்ன்ஸ் நிலையத்தில் நிறுவியவர் வகுத்த முதலீட்டு விதி, காலத்தின் மாற்றம், பொறுப்பாளர் தொடுத்த வழக்குகள் ஆகிய மூன்றும் கலந்திருந்தன. அதனாலேயே அத்தீர்ப்பைப் பற்றிய விவாதம் ஓயவில்லை.

நிறுவியவரின் எண்ணம் எப்போதும் போற்றத்தக்கதுதானா என்ற வினாவும் உண்டு. பார்ன்ஸின் எண்ணம் கதவைத் திறக்கும் எண்ணம். கதவை அடைக்கும் எண்ணங்களும் மரபின் பெயராற் காக்கப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்துக் கோயில்கள் வழிபாட்டிடங்களாக மட்டும் இருந்தவையல்ல. நாதசுரமும் தவிலும் வளர்ந்த வீதிகள் அவை. தேரும் சப்பறமும் சிற்பக்கலையைச் சுமந்தன. திருவிழா இரவுகளிற் கூத்தும் கச்சேரியும் நடைபெற்றன. உபயகாரரும் தருமகர்த்தாக்களுமே அக்காலத்தில் ஊரின் கலையறக்கட்டளையினர் எனலாம். ஆனால், அவ்வீதிகளுக்கும் வாயில்களுக்கும் உள்ளே யார் வரலாம் என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்தபோது, மறுப்புக்குக் காட்டப்பட்ட நியாயம் பழைய வழக்கம் என்பதே. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டிருந்தும் கதவு திறக்கப் போராட்டம் வேண்டியிருந்தது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. நிறுவியவரின் சொல்லுக்குக் கட்டுப்படுதல் என்பது தன்னளவில் ஓர் அறமன்று. அச்சொல் பயன்பெறுவோரின் வட்டத்தை விரிக்கிறதா, சுருக்குகிறதா என்பதைப் பொறுத்தே அதன் அறம் அமையும். விரிக்கும் சொல்லை மீறுவது நம்பிக்கைத் துரோகம். சுருக்கும் சொல்லைக் காப்பது அநீதிக்குத் துணைபோதல். காவலர் என்னும் பெயர் கொண்டோர் வாயிற்காவலராக மட்டும் நின்றுவிடக்கூடாது.

இரண்டாவது, வாழும் சமூகத்தின் உரிமை. டெற்றோயிற் நகரம் 2013 யூலையில், ஏறத்தாழ 18 பில்லியன் டொலர் கடனோடு வங்குரோத்து நிலையை அறிவித்தது. அந்நகரின் கலைநிலையத்து ஓவியங்கள் 1919 முதல் நகராட்சியின் உடைமையாக இருந்தன. கடன்கொடுத்தோரின் பார்வை அவற்றின்மீது விழுந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பேராசைக்காரர் மட்டுமல்லர். வாழ்நாள் முழுவதும் நகருக்கு உழைத்து ஓய்வுபெற்ற ஊழியரும் இருந்தனர். ஓர் ஓவியத்தை விற்றால் ஒரு முதியவரின் மருந்துச் செலவு தீருமெனின், அதனைச் சுவரில் தொங்கவிடுவது நியாயமா? இவ்வினாவைக் கலையன்பர் எவரும் எளிதிற் தட்டிக்கழிக்க முடியாது.

மிச்சிகன் மாநிலச் சட்டமா அதிபர், அவை மக்களுக்கென அறப்பொறுப்பாக வைத்திருக்கப்படுபவை, கடனுக்கு விற்கத்தக்கவையல்ல எனக் கருத்துரைத்தார். எனினும் சட்டக் கருத்தால் மட்டும் ஓய்வூதியரின் வயிறு நிறையாது. இறுதியில் அறநிதியங்களும் மாநில அரசும் கலைநிலையமும் சேர்ந்து, இருபது ஆண்டுகளில் 800 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டி ஓய்வூதிய நிதிக்கு வழங்க உடன்பட்டன. அதில் 100 மில்லியனைத் திரட்டும் பொறுப்பைக் கலைநிலையம் ஏற்றது. 2014 நவம்பரில் நீதிமன்றம் அத்திட்டத்தை ஏற்க, ஓவியங்கள் நகராட்சியின் கையிலிருந்து நீங்கி, அவற்றை நிருவகித்த நிலையத்தின் பொறுப்பில் நிலைபெற்றன. ஆயினும் நகரின் பொது ஊழியர் ஓய்வூதியம் 4.5 சதவீதம் குறைந்தது. வாழ்க்கைச் செலவுப் படி உயர்வையும் அவர்கள் இழந்தனர். எனவே இதனை மாசற்ற வெற்றி என்று கொண்டாடுவது பொருந்தாது.

ஆனாலும் இந்நிகழ்ச்சி ஒன்றைக் கற்பிக்கின்றது. 'கலை விலைமதிப்பற்றது' என்று கூறுவதோடு காவலரின் கடமை முடிந்துவிடுவதில்லை. விலைமதிப்பற்றது என்று ஒன்றைக் கூறுவோர், அதனைக் காப்பதன் விலையைப் பிறர் தலையில் முழுதும் சுமத்தாது, தாமும் சுமக்க முன்வருதல் வேண்டும். பிறர் பட்டினியின் மேல் நின்று கலையைப் போற்றுவது எளிது. அப்பட்டினியையும் கணக்கிற் கொண்டு கலையைக் காப்பதே அரிது.

சமூகத்தின் விருப்பமே இறுதி என்று கூறிவிட முடியாதா? முடியாது. சமூகம் என்பது இன்று கூட்டத்துக்கு வந்து கையுயர்த்துவோர் மட்டுமன்று. கையுயர்த்த இன்னும் பிறவாதோரும் அதன் பகுதியே. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வரலாறு இதனை நன்கு உணர்த்தும். 1933இல் க. மு. செல்லப்பா என்னும் தனி மனிதர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கிய முயற்சி அது. அடுத்த ஆண்டிற் பொதுமக்கள் குழுவொன்றின் முயற்சியாகி, பின்னர் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பாகி, 1959இற் புதுக் கட்டடத்திற் குடிபுகுந்தது. ஒருவர் தொடங்கியதை ஊர் ஏற்றது. ஊர் ஏற்றதை ஆட்சிமன்றம் ஏற்றது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் முன்னவர் பிடியைத் தளர்த்தினர். 'இது என் நூலகம்' என்று முதற்கை இறுகப் பற்றியிருப்பின் அது ஒரு வீட்டு அலுமாரியாகவே எஞ்சியிருக்கும்.

1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. எந்தக் காவற்சபையும் தடுத்திருக்க முடியாத வன்செயல் அது. எனினும் அதன் பின்னர் அது மீளக் கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது. எரிந்த ஏடுகளின் உடைமையாளர் யார் என்று கேட்டால், 1981இல் அங்கத்துவ அட்டை வைத்திருந்தவர் மட்டுமல்லர் என்பதே விடை. அவ்வேடுகளை ஒருநாளும் காண முடியாது போன பின்வந்த மாணவரும் அவற்றின் உடைமையாளரே. பயன்பெறாதவரும் இழக்கக்கூடிய பொருள் பண்பாடு. ஆகையினாற்றான் அதன் காவலர் வாக்கெண்ணிக்கையை மட்டும் நோக்க முடியாதவராகின்றனர்.

இனி, இத்தகைய பொறுப்புக்குத் தக்கவர் யாவர் என்பதை நோக்குதல் வேண்டும். நடைமுறையில் மூவகையினர் இச்சபைகளில் இடம்பெறுகின்றனர். கொடையாளர் பொருள் தருவர்; ஆயின் தந்த பொருளுக்கு ஈடாகச் சொல்லுரிமை கேட்பர். கலைஞர் அறிவு தருவர். ஆயின் தம் குருமரபையும் குழாத்தையும் உடன் கொணர்வர். உத்தியோகத்தர் ஒழுங்கு தருவர். ஆயின் கோப்பு நிறைந்தாற் கலை நிறைந்ததென எண்ணுவர். நான்காவதாக ஒருவர் வரவேண்டும். பெரும்பாலும் அவர் வருவதில்லை. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து கூத்துப் பார்ப்பவர் அவர். அவருக்குப் பட்டமுமில்லை, கொடைக்குப் பணமுமில்லை. அறக்கட்டளை யாருக்காக எழுந்ததோ அவர் அதன் சபையில் இல்லாதிருப்பது வழக்கமாகிவிட்டது.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரத்தை இப்பொருளுக்கென வகுத்தார். ஒருவரை ஆராய்ந்தே தேர்தல் வேண்டும், அன்பு காரணமாக அறியாதவரைத் தேர்வது பேதைமை என்பது அங்கு அவர் வற்புறுத்தும் கருத்து. பொருளைக் கண்டு மயங்குபவர் மட்டுமே தகுதியற்றவர் என்பதில்லை. புகழைக் கண்டு மயங்குபவரும் தகுதியற்றவரே. கலைச்சபைகளிற் பொருளாசையிலும் புகழாசையே பெரிது. பெயர்ப்பலகையில் தம் பெயர் பொறிக்கப்படுவதற்காக ஆண்டுக்கணக்கிற் பதவியில் நீடிப்போர், ஒரு சதமும் எடாதவராயினும் எதையோ எடுத்துக்கொண்டவரே.

சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஈண்டு நினைவுகூரத்தக்கன. முதலாம் பராந்தகனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த அவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேரப்படலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். பதவிக்காலம் ஓராண்டே. அண்மைய மூவாண்டுகளுள் பதவி வகித்தவர் மீண்டும் வரலாகாது. நிலவுடைமையும் சாதியும் தகுதியாக வைக்கப்பட்ட அம்முறையை மக்களாட்சி என்று போற்றுவது மிகை. எனினும் அதனை வகுத்தோர் ஒன்றை நன்கறிந்திருந்தனர்: நல்லவரைத் தேடுவது மட்டும் போதாது, நல்லவரும் கெட்டுப்போகாதவாறு காலத்தையும் கணக்கையும் வேலியாக அமைத்தல் வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழும். ஊதியமின்றி உழைப்போரை இத்துணை ஐயத்தோடு நோக்கலாமா? விதிகளை அடுக்கினால் ஆர்வலர் விலகிச் செல்வர். மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். உண்மையில், ஊரின் கலைச்சங்கங்கள் பல தனியொருவரின் தளராத உழைப்பாலேயே உயிர் வாழ்கின்றன. அவர் விலகினால் மறுவாரமே விளக்கணையும். இம்மறுப்பு உண்மையானது. ஆயினும் அதன் உண்மையே அதற்கு விடையாகவும் அமைகின்றது. ஒருவர் விலகியதும் அணையும் விளக்கு, அவர் கையிலிருந்த விளக்கேயன்றி ஊரின் விளக்கன்று. அறக்கட்டளை என்பது மனிதரின் ஆயுளைக் கடந்து ஓர் எண்ணத்தை நிறுத்தும் ஏற்பாடு. தமக்குப் பின் நடத்த ஒருவரை ஆக்காத உழைப்பு, எத்துணைத் தியாகமுடையதாயினும், உடைமையின் ஒரு வடிவமே. கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. கேட்கப்படுபவர் தம் தூய்மையை நிறுவ அதுவே வாய்ப்பு. அதனைப் பகையாகக் கருதுபவர் உடையவராக மாறத் தொடங்கிவிட்டார் என்று கொள்ளலாம்.

தொகுத்து நோக்கின், ஒரு கலையறக்கட்டளையில் எந்த மாற்றம் முன்மொழியப்படும்போதும் அதன் காவலர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. இம்மாற்றத்தை வேண்டும் இடுக்கண் உண்மையானதா, எம் கவனக்குறைவால் விளைந்ததா? இது பயன்பெறுவோரின் வட்டத்தை விரிக்கிறதா, சுருக்குகிறதா? இதனாற் பொருளோ புகழோ அடைபவர் எம்முள் எவரேனும் உளரா? இத்தீர்மானத்தின் காரணங்களைப் பயன்பெறுவோரின் முன் கூறவும், பிறரொருவர் தீர்ப்புக்கு அதனை உட்படுத்தவும் நாம் ஆயத்தமா? இவற்றுக்குரிய விடைகள் எப்போதும் ஒத்துப்போகா. ஒத்துப்போகாதபோது தவறான முடிவும் நேரலாம். ஆனால் நான்கையும் கேட்டபின் தவறுவது மனிதப்பிழை. ஒன்றையும் கேளாமற் சரியாக முடிவது தற்செயல்.

பயிர் வளர்ந்ததும் வேலியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தருமகர்த்தா என்னும் சொல்லிற் கர்த்தா முந்தாமல் தருமம் முந்தி நிற்பதும் அதன் பொருட்டே போலும். கூத்தின் இறுதியில் மக்கள் கலைஞரைப் பாராட்டி வீடு திரும்புகையில், மண்டபக் கதவைச் சாத்திவிட்டுத் திறப்பை அடுத்தவர் கையிற் கொடுப்பதற்கு மனமிசைவாராயின், அக்காவலர் தம் கடமையைச் செய்தவராவார்.